பாசி ஏன் நிறம் மாறுகிறது? வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாசி பற்றியவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மலையகத்தில் வழுக்குகிற பச்சை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். ஆனால் அதற்குள் மூன்று வேறு உயிர்கள் இருக்கின்றன: சின்ன இலையோடு மெத்தைபோல் வளரும் பாசன், பச்சை அல்கா, பற்றீரியா வகையைச் சேர்ந்த நீலப்பச்சை அல்கா. கீழே பேசப்படுவது பெரும்பாலும் நடுவில் சொன்ன பச்சை அல்காவைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டு மதிலிலும் சைப்பிரஸ் மரத்தண்டிலும் செம்மஞ்சள் நிறத்தில் வெல்வெட் துணிபோல ஏதோ படர்கிறது. இரும்புத் துரு என்கிறார் மேசன். மரம் பட்டுப்போகுமா?
– இல்லத்தரசி, நுவரெலியா

மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அது துருவும் அல்ல, நோயும் அல்ல. திரெண்டெபோலியா என்ற அல்கா அது. நிறம் செம்மஞ்சளாக இருந்தாலும் இனத்தால் அது பச்சை அல்காதான். விரல் நுனியை ஈரமாக்கித் தேய்த்துப் பாருங்கள்: துருவானால் தூளாக வரும், இது பஞ்சுபோல இழையோடு வரும். பாடசாலை நுணுக்குக்காட்டி கிடைத்தால் 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். பீப்பாய் வடிவக் கலங்கள் கிளைவிட்ட சங்கிலியாகக் கோத்திருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் செம்மஞ்சள் எண்ணெய்த் துளிகள் நிறைந்திருக்கும். அந்தத் துளிகளில் கரைந்திருப்பது கரோட்டின், அதாவது கரட்டுக்கு நிறம் தரும் அதே பொருள். மதிலிலும் மரப்பட்டையிலும் நைதரசன் மிகக் குறைவு. வெயில் பட்டால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்தும் போகிறது. இந்த இரண்டு நெருக்கடிக்கும் கலம் தரும் பதில்தான் அந்த நிறம். நிழலில், ஈரத்தில், போதிய நைதரசனோடு வைத்து வளர்த்தால் இதே உயிர் பச்சைக்குத் திரும்புகிறது.

தேயிலையில் வரும் சிவப்புத் துரு நோய்க்குக் காரணமான செபலூரொசும் இதே குடும்பம்தான். அது பூஞ்சணம் அல்ல, தண்டுக்குள்ளும் இலைக்குள்ளும் புகும் பச்சை அல்கா. பொட்டாசியம் குறைந்த, நீர் தேங்குகிற, நிழல்மரம் இல்லாத மலைகளில் வலுவிழந்த செடிகளைத்தான் அது முதலில் பிடிக்கிறது. ஆகவே மருந்தடிப்பதற்கு முன் பொட்டாசியம் தரும் எம்ஓபி உரத்தையும் வடிகாலையும் கவனியுங்கள். அவற்றைச் சரிசெய்யாமல் செப்பு மருந்தை மட்டும் அடித்தால் அடுத்த மழையோடு திரும்பி வரும். மருந்தின் அளவுக்குத் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரையைப் பின்பற்றுங்கள்.

போத்தலில் பச்சைத் தண்ணீரை ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு வாரம் நல்ல பச்சை, பிறகு மஞ்சளாகிவிட்டது. “நெருக்கடி வந்தால் பரம்பரையலகு மாறும்” என்கிறார்கள். உண்மையாகவே மாறுகிறதா? இதை வீட்டில் சோதிக்க முடியுமா?
– உயர்தர மாணவி, பதுளை

பரம்பரையலகு மாறவில்லை. எந்தப் பரம்பரையலகு வாசிக்கப்படுகிறது என்பதுதான் மாறுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

ஆய்வுகூடங்களில் அதிகம் படிக்கப்பட்ட பச்சை அல்கா கிளமிடோமோனாஸ். ஒரே கலம், சுமார் 10 மைக்ரோமீற்றர், நீந்த இரண்டு சவுக்குமுளைகள், கிண்ணம்போல ஒரே பச்சையவுருமணி. அதன் முழு டீஎன்ஏ வரிசை 2007இல் வெளியானது: 17 நிறமூர்த்தங்கள், 15,000க்கு மேற்பட்ட பரம்பரையலகுகள். இவை எல்லாம் ஒரே நேரத்தில் வாசிக்கப்படுவதில்லை. எதை எப்போது தூது ஆர்என்ஏயாகப் படியெடுப்பது என்று தீர்மானிக்கத் தனிப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றை ஆளிகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போத்தலில் தீர்ந்துபோனது அநேகமாக நைதரசன். அது தீர்ந்த முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே, தண்ணீரில் எஞ்சியிருக்கும் அமோனியத்தை உறிஞ்சும் வாயில்களுக்கான பரம்பரையலகுகள் பலமாக வாசிக்கப்படுகின்றன. அமினோ அமிலங்களிலிருந்து நைதரசனைக் கழற்றும் நொதியம் ஒன்று கலத்துக்கு வெளியே அனுப்பப்படுகிறது. அதன் பிறகு கலம் தன் சொந்தச் சொத்தில் கை வைக்கிறது. ஒளித்தொகுப்பு இயந்திரமும் புரதம் செய்யும் ரைபோசோம்களும்தான் நைதரசனை அதிகம் வைத்திருப்பவை. அவற்றை உடைத்து, கிடைக்கும் நைதரசனை அவசியமான வேலைக்கு எடுக்கிறது. பச்சையம் போக, கரோட்டின் வகைகள் மிஞ்சுவதால்தான் மஞ்சள் தெரிகிறது. இதற்கிடையே வெயிலில் வந்துசேரும் காபனைப் புரதமாக்க முடியாது. அதை மாப்பொருளாகவும் எண்ணெயாகவும் சேமிக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் சேர்க்கும் நொதியங்களின் பரம்பரையலகுகளைத் திறந்துவிடும் ஆளிகளில் ஒன்றுக்கு என்ஆர்ஆர்1 என்று பெயர்.

மஞ்சளாவது நோய் அல்ல, தற்காப்பு. இதற்கு அழகான சான்று கந்தகத் தட்டுப்பாட்டில் கிடைத்தது. எஸ்ஏசி1 என்ற பரம்பரையலகு பழுதான கிளமிடோமோனாஸ், கந்தகம் இல்லாதபோது ஒளித்தொகுப்பைக் குறைக்கத் தெரியாமல் தொடர்ந்து நடத்துகிறது. அதனாலேயே வெளிச்சத்தில் செத்துப்போகிறது. குறைக்கத் தெரிந்தது பிழைக்கிறது.

இனிச் சோதனை. யூரியா, டிஎஸ்பி (பொசுபரசு உரம்), எம்ஓபி, எப்சம் உப்பு ஆகிய நான்கையும் தனித்தனியாக, 1 லீற்றருக்கு 1 கிராம் வீதம் கரைத்து வையுங்கள். டிஎஸ்பி முழுதாகக் கரையாது. ஓரிரவு விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். தண்ணீர் கொதிக்கவைத்து ஆறிய ஊற்று நீராக இருக்கட்டும். குழாய் நீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பிறகு பாவியுங்கள்.

இரண்டு போத்தல்களிலும் டிஎஸ்பி, எம்ஓபி, எப்சம் கரைசல்களில் 25 மில்லிலீற்றர் வீதம் ஊற்றுங்கள். முதல் போத்தலில் மட்டும் 50 மில்லிலீற்றர் யூரியாக் கரைசல், இரண்டாவதில் அதற்குப் பதில் 50 மில்லிலீற்றர் வெறும் தண்ணீர். பச்சைத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். அதில் எஞ்சியுள்ள நைதரசனும் சேர்ந்து வந்து முடிவைக் குழப்பிவிடும். நீந்தும் கலங்கள் வெளிச்சத்தில் அடியில் படியாது, எனவே ஓரிரவு இருட்டில், குளிரில் வைத்துப் படியவிடுங்கள். மேல்நீரை வடித்து, கொதித்தாறிய நீரில் ஒரு தடவை கழுவி, மறுபடி படியவிட்டு, அடியில் உள்ளதை இரு போத்தல்களுக்கும் சரிபாதியாகப் பிரியுங்கள். 500 மில்லிலீற்றர் வரை நீரால் நிரப்புங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். காற்று போகவேண்டும், நுளம்பு முட்டையிடக் கூடாது. காலை வெயில் படும் இடத்தில் வைத்து, நாளுக்கு இரண்டு தடவை அசைத்துவிடுங்கள்.

இரண்டாவது போத்தல் ஒரு வாரம் பத்து நாளில் வெளுக்கும். நுவரெலியா போன்ற குளிரில் இன்னும் பிந்தும். அப்போது இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து அயடீன் சேர்த்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள்: நைதரசன் இல்லாத கலங்களுக்குள் மாப்பொருள் கருநீலமாகத் தெரியும். கடைசியாக ஒன்று செய்யுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளுத்த போத்தலில் பாதியை வேறு போத்தலுக்கு மாற்றி, அதில் மட்டும் 25 மில்லிலீற்றர் யூரியாக் கரைசல் சேருங்கள். சில நாளில் பச்சை திரும்பினால் கலங்கள் உயிரோடுதான் இருந்தன, பட்டினி கிடந்தன என்று நிரூபணம். திரும்பாவிட்டால் வேறு ஏதோ கொன்றிருக்கிறது. நைதரசன் இல்லாத போத்தல் வெளுக்கவே இல்லை என்றால், காற்றிலிருந்து நைதரசனை எடுக்கும் நீலப்பச்சை அல்கா கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மழைநீர்த் தொட்டியின் விளிம்பில் இரத்தச் சிவப்பாகப் படிவு வந்தால் அது அநேகமாக ஹிமாற்றோகொக்கஸ் என்ற பச்சை அல்கா. நைதரசன் தீர்ந்து வெயிலும் கடுமையானால், சவுக்குமுளைகளைக் கழற்றிவிட்டு, உருண்டு, தடித்த சுவர் போட்டு, அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறப்பொருளைச் சேர்க்கிறது. கரோட்டினை அந்தச் சிவப்பாக மாற்றும் நொதியத்தின் பரம்பரையலகு அந்த நேரத்தில்தான் பலமாக வாசிக்கப்படுகிறது.

பீலித் தண்ணீர் வந்து விழும் தொட்டியில் பச்சை படிகிறது. குடிக்கலாமா?
– வாசகர், மஸ்கெலியா

குச்சியால் தூக்கிப் பாருங்கள். தலைமுடிபோல் இழையாகத் தொங்கினால் அது இழைப் பச்சை அல்கா, நஞ்சு அல்ல. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை எப்போதும்போலக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். பெயின்ற் ஊற்றியதுபோல் குச்சியில் பூசிக்கொண்டால், ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி எடுத்து ஓரிரவு குளிரூட்டியில் அசையாமல் வையுங்கள். காலையில் பச்சை முழுதும் மேலே மிதந்தால் நீலப்பச்சை அல்காவாக இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம். அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது.

உருளைக்கிழங்குக்குச் செப்பு மருந்து அடித்த பிறகு வாய்க்கால் பாசி வெளுத்துப் போகிறது, கொஞ்ச நாளில் திரும்பவும் வருகிறது. செப்பு பாசிக்குப் பகையா, உணவா?
– விவசாயி, வெலிமடை

இரண்டும்தான். அளவுதான் தீர்மானிக்கிறது. கூடினால் செப்பு பச்சையத்திலிருந்து மக்னீசியத்தை வெளியேற்றி அதன் இடத்தில் உட்காரும், புரதங்களைக் கெடுக்கும். கல்சியம் குறைந்த மென்னீரில் இந்த நஞ்சு இன்னும் பலமாக வேலை செய்யும். மருந்துத் தாங்கியைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். பாசிக்காக அல்ல, கீழே அந்தத் தண்ணீரைப் பாவிப்பவர்களுக்காகவும் மீன்களுக்காகவும் சொல்கிறோம்.

ஆனால் செப்பு அறவே இல்லாவிட்டாலும் அல்காவுக்குச் சிக்கல். இந்தக் கதைதான் இந்தத் துறையில் மிகத் தெளிவாக அவிழ்க்கப்பட்டது. ஒளித்தொகுப்பில் இலத்திரனை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமந்து செல்ல ஒரு சிறு புரதம் வேண்டும். அதன் பெயர் பிளாஸ்டோசயனின், அதன் நடுவில் ஒரு செப்பு அணு. செப்பு கிடைக்காதபோது கிளமிடோமோனாஸ் அந்தப் புரதத்தை உடைத்துப்போட்டு, அதற்குப் பதில் சைற்றோகுரோம் சீ6 என்ற வேறொரு புரதத்தைச் செய்கிறது. அதன் நடுவில் இரும்பு. வேலை ஒன்றே, உலோகம் வேறு. விடுபட்ட செப்பு, அதை வேறெதனாலும் ஈடுசெய்ய முடியாத சுவாச நொதியத்துக்குப் போகிறது. பழுதாகிப் போன தறியிலிருந்து நல்ல நூலை உருவி வேறு தறிக்குக் கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாற்றத்தை நடத்தும் ஆளி சீஆர்ஆர்1. செப்பு குறையும்போது அது டீஎன்ஏயில் ஜீரீஏசீ என்ற நான்கெழுத்து வரும் இடங்களைப் பற்றிக்கொண்டு, சைற்றோகுரோம் சீ6இன் பரம்பரையலகை வாசிக்கவைக்கிறது. கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று: பிளாஸ்டோசயனினின் தூது ஆர்என்ஏ செப்பு இல்லாதபோதும் குறைவதில்லை. புரதம் மட்டுமே அழிக்கப்படுகிறது. ஆர்என்ஏயை மட்டும் அளந்தவர் “ஒன்றும் மாறவில்லை” என்று எழுதிவிடுவார், கலத்துக்குள் அந்தப் புரதமே இருக்காது.

உங்கள் வாய்க்காலில் பச்சை திரும்புவதற்கு மரபு மாற்றம் தேவையில்லை. மழை செப்பைக் கழுவிக்கொண்டு போகிறது, சேற்றில் ஒட்டிக்கொண்டு மீதி அடங்குகிறது, மேலிருந்து புதிய கலங்கள் வந்து சேர்கின்றன. உருளைக்கிழங்கு வயலிலிருந்து வரும் யூரியாவும் பொசுபரசும் அவற்றுக்கு விருந்து.

ஹப்புத்தளையில் பத்து நிமிடம் மூடுபனி, பத்து நிமிடம் சுள்ளென்ற வெயில். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் விடியலில் உறைபனி வேறு. இவ்வளவு வேகமாக மாறும் காலநிலைக்குப் பரம்பரையலகு எப்படி ஈடுகொடுக்கும்?
– விஞ்ஞான ஆசிரியர், ஹப்புத்தளை

பத்து நிமிட மாற்றத்துக்குப் பரம்பரையலகு ஈடுகொடுப்பதில்லை. அதற்கு நேரம் போதாது. மாணவர்களுக்கு இதை மூன்று கடிகாரங்களாகச் சொல்லுங்கள். நிமிடக் கணக்கில் நடப்பது, ஏற்கனவே உள்ள புரதங்களின் இடமாற்றம்: ஒளியைப் பிடிக்கும் தட்டுகளில் சில, ஓர் ஒளித்தொகுதியிலிருந்து மற்றதற்கு நகர்கின்றன. மணிக் கணக்கில் நடப்பதுதான் பரம்பரையலகின் வேலை. நாள் கணக்கில் நடப்பது எண்ணெய், தடித்த சுவர், உறங்கும் வித்தி.

கடும் ஒளியில் மணிக் கணக்கில் சேரும் புரதங்களில் முக்கியமானது எல்எச்சிஎஸ்ஆர்3. மிஞ்சிய ஒளிச்சக்தியை வெப்பமாக வெளியே விடுவது அதன் வேலை. நீல ஒளியை உணரும் போற்றோட்ரோபின் என்ற புரதம்தான் அதன் பரம்பரையலகைத் திறக்கச் சொல்கிறது என்பது 2016இல் தெரியவந்தது. ஒரு நாள் வெயில் கண்ட கலம் மறுநாள் மூடுபனி விலகும்போது வெறுங்கையோடு நிற்பதில்லை.

உறைபனிக் காலை ஏன் ஆபத்தென்றால், குளிர் நொதியங்களை மெதுவாக்கும், ஒளியை மெதுவாக்காது. காபனைப் பிடிக்கும் வேலை நொண்டும்போது பிடித்த ஒளிச்சக்திக்குப் போக்கிடம் இல்லை. மட்டான வெயிலே அப்போது கடும் வெயிலாகிவிடும்.

உயரத்தோடு கழியூதாக் கதிரும் கூடுகிறது, 1,000 மீற்றருக்குச் சுமார் 10 வீதம். யூவீஆர்8 என்ற புரதம் அதில் யூவீ-பி என்ற பகுதியை நேரடியாக உணர்கிறது. சாதாரண நேரத்தில் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும் அது, கதிர் பட்டதும் பிரிந்து, பாதுகாப்புப் பரம்பரையலகுகளைத் திறக்கும் சங்கிலியைத் தொடங்குகிறது. வகுப்பில் இதைச் சோதிக்க விரும்பினால் கண்ணாடிப் போத்தலை ஜன்னலுக்கு உள்ளே வைத்துப் பயனில்லை. ஜன்னல் கண்ணாடியே அந்தக் கதிரைத் தடுத்துவிடும். திறந்த தட்டில், வெளியே வைக்க வேண்டும்.

நைதரசன் இல்லாமல் வளர்த்த கிளமிடோமோனாஸில் கியூபிசிஆர் (ஒரு பரம்பரையலகின் தூது ஆர்என்ஏ எவ்வளவு என்று அளக்கும் முறை) செய்தேன். மூன்று தடவைக்கும் மூன்று விடை. எங்கே பிழை?
– இறுதியாண்டு மாணவர், பதுளை

நீங்கள் எழுதிய நடைமுறையில் ஐந்து இடங்கள் எங்களுக்குக் கவலை தருகின்றன.

முதலாவது நேரம். ஒரு தடவை காலை 9 மணிக்கும் இன்னொரு தடவை பிற்பகல் 3 மணிக்கும் கலங்களை எடுத்திருக்கிறீர்கள். பகல்–இரவு ஒளியில் வளரும் கிளமிடோமோனாஸின் பெரும்பாலான பரம்பரையலகுகள் நாளின் நேரத்தோடு ஏறி இறங்குபவை. உங்கள் மூன்று விடைகளில் பாதி, நேரத்தின் விடை. விளக்கு எரிந்து எத்தனையாவது மணி என்று குறித்து, எப்போதும் அதே மணியில் எடுங்கள். இடையில் மின்சாரம் போனால் அந்த வளர்ப்பை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது கட்டுப்பாட்டு மாதிரி. நைதரசன் அற்ற ஊடகத்துக்கு மாற்ற, கலங்களை இரண்டு தடவை மையநீக்கியில் சுழற்றிக் கழுவினீர்கள். கட்டுப்பாட்டைக் கழுவவில்லை. சுழற்சியும் அடியில் நெருக்குப்பட்டு ஒட்சிசன் இல்லாமல் இருப்பதும் தாமே ஒரு நெருக்கடிதான். மேலே சொன்ன சைற்றோகுரோம் சீ6 பரம்பரையலகு ஒட்சிசன் குறைந்தாலும் திறந்துகொள்ளும். கட்டுப்பாட்டையும் அதேபோல் கழுவி, நைதரசன் உள்ள ஊடகத்தில் திருப்பி விடுங்கள். டீஏபி என்ற வளர்ப்பு ஊடகத்தில் 7.5 மில்லிமோலார் அமோனியம் குளோரைட்டை எடுக்கும்போது அதே அளவு பொட்டாசியம் குளோரைட்டு சேர்த்தால் குளோரைட்டு அளவும் மாறாது. ஆர்என்ஏக்கு எடுக்கும்போது 3 நிமிடத்துக்கு மேல் சுழற்றாமல், மேல்நீரை ஊற்றி, உடனே திரவ நைதரசனில் போடுங்கள்.

மூன்றாவது ஒப்பீட்டுப் பரம்பரையலகு. நீங்கள் பாவித்த ஆர்ஏசிகே1 இந்த அல்காவில் வழக்கமானதுதான். ஆனால் அது ரைபோசோமோடு சேர்ந்த புரதம். நைதரசன் பட்டினியில் கலம் ரைபோசோம்களையே உடைக்கிறது. ஆகவே அதை மட்டும் அளவுகோலாக நம்ப வேண்டாம். இன்னும் இரண்டைச் சேர்த்து, எது அசையாமல் நிற்கிறது என்று முதலில் உங்கள் மாதிரிகளிலேயே பாருங்கள்.

நான்காவது, பிரைமர், அதாவது படியெடுக்கும் இடத்தைக் குறிக்கும் சிறு டீஎன்ஏ துண்டு. இந்த டீஎன்ஏயில் ஜீயும் சீயும் சுமார் 64 வீதம். இறுக்கமாக மடங்கிக்கொள்ளும். 100 முதல் 200 எழுத்து நீளத் துண்டாகத் தேர்ந்தெடுங்கள், தேவையானால் மடிப்பைத் தளர்த்த 5 வீதம் டிஎம்எஸ்ஓ கரைப்பான் சேருங்கள். பத்து பத்து மடங்காக ஐந்து தடவை ஐதாக்கி வினைத்திறனைப் பாருங்கள். 90 முதல் 110 வீதத்துக்குள் வராத பிரைமரைத் தூக்கிப்போடுங்கள். படியெடுப்பில் ஒரு சுற்று வித்தியாசம் என்றால் இரு மடங்கு, 3.3 சுற்று என்றால் பத்து மடங்கு. ஐந்தாவது மறுசெய்கை. உங்கள் மூன்று மறுசெய்கைகளும் ஒரே குடுவையிலிருந்து எடுத்தவை. அது ஒரே மாதிரியை மூன்று தடவை அளந்தது மட்டும்தான். மூன்று தனிக் குடுவைகளில் வளர்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கிழங்கு கிண்டிய வயல் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கிறது. முதல் மழைக்குப் பிறகு மண்மேல் பச்சை பூக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது?
– வாசகி, ஊவா பரணகம

மண்ணுக்குள்ளிருந்துதான். ஆய்வுகூடங்களில் இன்று வளரும் கிளமிடோமோனாஸின் மூதாதையும் 1945இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஓர் உருளைக்கிழங்கு வயல் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

நைதரசன் தீர்ந்ததும் இந்தக் கலங்கள் புணரிகளாகின்றன, அதாவது சோடியாக இணையும் கலங்களாகின்றன. கூட்டல், கழித்தல் என இரண்டு வகை. எம்ஐடி என்ற ஒரே பரம்பரையலகு இருந்து வேலை செய்தால் கழித்தல், இல்லாவிட்டால் கூட்டல். இரண்டும் இணைந்து உருவாகும் நுகம் தடித்த சுவரால் தன்னை மூடிக்கொள்கிறது. வறட்சியும் உறையும் குளிரும் அதைத் தொடுவதில்லை. ஈரமும் வெளிச்சமும் நைதரசனும் திரும்பியதும் ஒடுக்கற்பிரிவு நடந்து, சுவர் வெடித்து, நான்கு கலங்கள் நீந்திக்கொண்டு வெளியே வருகின்றன. ஒரு தேக்கரண்டி காய்ந்த மண்ணைக் கண்ணாடிக் குவளையில் போட்டு, கொதித்தாறிய நீர் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, மூடி, ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் வெளிச்சம் வரும் பக்கத்துக் கண்ணாடியில் முதலில் பச்சை கோடிடும். நீந்தத் தெரிந்தவை வெளிச்சத்தைத் தேடி அந்தப் பக்கம் கூடுவதால்தான்.